செம்பியின் படத்தில் இருந்த கை

தம்பி,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. மறந்துபோய்விட்டேன் என்று நினைக்காதே. இதைக் கவிதாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் அவள் படிக்கட்டும், பிறகு உன்னிடம் தரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். கூடவே ஒரு பழுப்பு உறை இருக்கும், அதற்குள் எக்ஸ்ரே படம் மாதிரி ஒன்று இருக்கும். அதை இப்போது வெளியே எடுக்காதே. கடிதத்தை முடித்துவிட்டு எடு. கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்க்கிற பிள்ளை நீ, அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏன் நேரில் சொல்லவில்லை என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் பாயான் லெப்பாஸ் வாடகை அறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஜெலுத்தோங்கில் இருக்கிற நம் வீட்டுக்கு வருகிறாய், சாப்பிடுகிறாய், தூங்குகிறாய், துவைத்த துணியை எடுத்துக்கொண்டு போகிறாய். மூன்று ஞாயிறு முயற்சி செய்து பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் "தம்பி" என்று ஆரம்பித்தேன், நீ தலையைத் தூக்கிப் பார்த்தாய், நான் "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா" என்று கேட்டுவிட்டேன். அந்த மூன்று வாரமும் நீ குடித்த ரசத்துக்கு அளவே இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. நேரில் சொன்னால் நீ உடனே "பரவால்லம்மா" என்று சொல்லிவிடுவாய். நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, விஷயம் முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவேன். அவ்வளவு சுலபமாக நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

போன மாதம் கவிதா என்னைப் பார்க்க வந்தாள். உனக்குத் தெரியாது. அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து பெர்ரிப் படகு ஏறி, பஸ் பிடித்து, பாடம் நடத்திய பள்ளிக்கூடச் சேலையோடு தனியாக வந்து நின்றாள். தைப்பூசம் கழிந்து உங்கள் கல்யாணம், அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை, அந்த விஷயமாக வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு டீ போட்டேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. அவருக்கு உடம்புல ஏதும் சீக்கு இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் அப்படிக் கேட்கிறாய் என்றேன். அவள் அக்காவின் குழந்தைக்குப் பெயர் வைக்கிற அன்று எல்லோரும் வாங்கி வாங்கிக் கொஞ்சினார்களாம், உன்னிடம் நீட்டியபோது நீ இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாயாம். பெர்ரியில் திரும்பி வரும்போது அவள் விடாமல் கேட்டிருக்கிறாள். அப்போது நீ சொன்னதை அவள் என்னிடம் அப்படியே சொன்னாள்.

"கல்யாணம் ஆனாலும் பிள்ளை வேணாம்ங்கிறாரு அத்தை. ஏன்னு கேட்டா, என் கையில உயிர் தங்காது, எங்கம்மாவக் கேட்டுப் பாரு, அவங்களுக்குத் தெரியும்ங்கிறாரு. உங்களுக்கு என்னா தெரியும் அத்தை?"

எனக்கு என்ன தெரியும் என்று அவளிடம் அன்று சொல்ல வாய் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, நான் எழுதித் தருகிறேன், அதுவரைக்கும் அழைப்பிதழ் அடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகு அவள் குடிக்காத டீயை நானே குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

கவிதாவுக்காகக் கொஞ்சம் பழைய கதையைச் சொல்லவேண்டும், நீ பொறுத்துக்கொள். செம்பி எங்கள் பூனை. ஜெலுத்தோங் பாசாரில் மீன் கடைக்குக் கீழே கிடந்ததை, அப்போது பதினேழு வயசான நீ சட்டைக்குள் போட்டுக்கொண்டு பிளாட்டின் நாலாவது மாடிக்குத் தூக்கிவந்தாய். சாம்பல் உடம்பு. கண் மட்டும் துலக்கி வைத்த செம்புப் பாத்திரத்தின் நிறம். அதனால் அப்பா செம்பி என்று பெயர் வைத்தார். ஒரு வருஷம் ஆகியும் குட்டி அளவிலேயே இருந்தது. சில நாளில் வாயிலிருந்து எச்சில் ஒழுகும். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அப்படியே நிற்கும், கூப்பிட்டால் திரும்பாது. நான் "பாரு, கள்ளுக்கடைக்குப் போயிட்டு வந்திருக்கா" என்று சிரிப்பேன். நீ சிரிக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் செம்பி என்ன தின்றது, எத்தனை மணிக்கு எச்சில் ஒழுகியது என்று எழுதிவைத்தாய். மீன் தின்ற நாளில்தான் இப்படி ஆகிறது என்று என்னிடம் வந்து சொன்னாய். மீன் ஒத்துக்கொள்ளாத பூனையை நான் எங்கே கண்டேன், போய்ப் பாடத்தைப் படி என்று விரட்டிவிட்டேன். முதல் தப்பு அது. அதை நான் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டேன், பெரியது இன்னும் வரவில்லை.

நீ கேட்கவில்லை. கூடைக்குள் வைத்து, பஸ்ஸில் ஏற்றி, மிருக டாக்டரிடம் கொண்டுபோனாய். சீனப் பெண், சின்ன வயசு, பொறுமைசாலி. அவர் உன் நோட்டுப் புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டு, செம்பியின் கண் நிறத்தைப் பார்த்துவிட்டு, அந்தச் செம்பு நிறமும் ஒரு அறிகுறி என்று, ஒரு சந்தேகத்தைச் சொன்னார். குடலிலிருந்து வருகிற ரத்தம் முதலில் ஈரலுக்குப் போய்ச் சுத்தமாகி, அதற்குப் பிறகுதான் இதயத்துக்குப் போகவேண்டும். சில பூனைகளுக்குப் பிறவியிலேயே ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். ரத்தம் ஈரலைத் தொடாமல் அந்தக் குறுக்கு வழியாக நேரே இதயத்துக்குப் போய்விடும். மீனும் இறைச்சியும் தின்றால் உண்டாகிற விஷம் கழியாமல் மூளைக்கு ஏறும். அப்படித்தான் என்றால் மீனை நிறுத்தி, மருந்து கொடுத்து, தெற்கே பெரிய மிருக ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அந்தக் குழாயைக் கட்டிவிடலாம். ஆனால் அதை எக்ஸ்ரேயில் பார்க்க முடியாது. வெளிநாட்டில் காமா கேமராவில் பார்க்கிறார்கள், பத்திரிகையில் படித்தேன், பினாங்கில் அந்த வசதிக்கு எங்கே போவது என்றாராம். நீ உடனே, எங்கம்மா அந்தக் கேமராவில்தான் வேலை செய்கிறார் என்று சொல்லிவிட்டாய்.

கவிதா, என் வேலையைப் பற்றி இவன் உன்னிடம் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டான். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் "எங்கம்மா ஆஸ்பத்திரியில மாடு கறக்குறாங்க" என்று சொல்லி, வாத்தியார் என்னைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். அவன் சொன்னதும் பொய்யில்லை. ஈயத்தால் செய்த ஒரு கனமான குடுவை வாரத்துக்கு ஒன்று விமானத்தில் வரும். காலையில் அதற்குள் உப்புத் தண்ணீரைச் செலுத்தினால் கதிர் வீசுகிற மருந்து இறங்கும். அந்தக் குடுவையை நாங்கள் மாடு என்போம், மருந்து இறக்குவதைக் கறப்பது என்போம். அந்த மருந்தை நோயாளியின் உடம்புக்குள் செலுத்தினால், அது எந்த எந்த உறுப்புக்குப் போகிறதோ அங்கெல்லாம் கேமராவில் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். ஆறு மணி நேரத்தில் பாதி போய்விடும், மறுநாள் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. இருபது வருஷம் அந்தக் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். டாக்டர்மார்களே படத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்ன, நிறையவே.

எங்கள் பெரிய டாக்டரிடம் பயந்து பயந்துதான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து, நோயாளிகள் எல்லோரும் போன பிறகு, காலையில் கறந்ததில் மிச்சம் இருந்தால் செய்துகொள், வெளியே தெரியக்கூடாது என்றார். பூனைப் படத்தைப் பார்க்க எனக்குத் தெரியாது, நீயே பார்த்துச் சொல்லிவிடு என்றும் சொன்னார். அப்படியாக ஒரு சனிக்கிழமை மத்தியானம் நீ செம்பியைக் கூடையில் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாய். மிருக டாக்டர் கொடுத்த மயக்க மருந்தில் அது பாதித் தூக்கத்தில் இருந்தது. மருந்தை அதன் ஆசனவாயில் மெல்லிய குழாய் வழியாகச் செலுத்தவேண்டும், அங்கிருந்து குடல் ரத்தத்தில் ஏறும். உனக்குக் கையுறை மாட்டிவிட்டேன். நீ வாலைத் தூக்கிப் பிடித்தாய், நான் குழாயை வைத்தேன். அதற்குள் செம்பி முழித்துக்கொண்டு திமிறியது. எப்போதும் நோயாளியின் தலை சுவர்ப்பக்கம் இருக்கும்படிதான் படுக்கவைப்போம். சுவர்ப்பக்கம் நீ நிற்க இடமில்லை, கேமராவின் தூண் மறைத்தது. உன் முகத்தைப் பார்த்தால்தான் அது அடங்கும் என்று சொல்லி, நீயே செம்பியை அப்படியே திருப்பி, தலை வாசல்பக்கம் வருகிற மாதிரி வைத்தாய். அது உன்னைப் பார்த்தது, அடங்கியது. நீ மறுபடி வாலைப் பிடிக்க நான் மருந்தைச் செலுத்தினேன், உடனே நீ ஓடிப்போய்த் தலைமாட்டில் நின்றுகொண்டாய்.

இங்கேதான் தம்பி, கவனமாகப் படி. நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தால் கேமராவில் அதற்கென்று ஒரு விசையை மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் படம் தலைகீழாக விழும். அதோடு தலைப்பக்கம் எது என்று காட்ட ஒரு சின்ன அடையாளப் பொட்டும் வைக்கவேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் இதைச் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனவள். அன்று விசையையும் மாற்றவில்லை, பொட்டும் வைக்கவில்லை. யாராவது வந்துவிடுவார்களோ என்கிற பயம், பூனை திமிறுகிற அவசரம் என்று ஆயிரம் சொல்லலாம். மறந்துவிட்டேன், அவ்வளவுதான். அதோடு ஒரு அதிபுத்திசாலித்தனமும் செய்தேன். பின்பக்கம் நிறைய மருந்து இருப்பதால் அந்த வெளிச்சத்தில் ஈரலும் இதயமும் தெரியாமல் போகும் என்று பின்பாகத்தின் மேல் ஈயத் தகடு போட்டு மூடினேன். அதை மூடாமல் விட்டிருந்தால், வால் எந்தப் பக்கம் என்று படத்தில் குருடனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

ஒரே படத்தில் கட்டம் கட்டமாக, சில விநாடிக்கு ஒரு கட்டம் என்று விழுந்தது. கழுவி எடுத்து வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். நீ என் தோளுக்குப் பின்னால் நின்றாய். மூன்றாவது கட்டத்தில் கீழே ஒரு வெளிச்சம் வந்தது. சில கட்டம் தள்ளி அதற்கு மேலே இன்னொன்று வந்தது. கீழே இருப்பது ஈரல், மேலே இருப்பது இதயம். ஈரலுக்குத்தான் முதலில் போயிருக்கிறது, குறுக்குக் குழாயும் இல்லை ஒன்றும் இல்லை என்றேன். எல்லாவற்றுக்கும் கீழே, ஓரத்தில், பிந்திய கட்டங்களில் மங்கலாக ஏதோ இருந்தது. நீ அதைக் காட்டி என்ன என்று கேட்டாய். பின்பக்கம் சிந்திய மருந்து, தகட்டுக்கு வெளியே வழிந்திருக்கும் என்றேன். நீ நம்பினாய். அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று சந்தோஷப்பட்டாய். அன்று இருவரும் திரும்பிவரும் வழியில் ஐஸ் கச்சாங் சாப்பிட்டோம்.

மிருக டாக்டருக்கு ஈரல் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் எனக்குப் போன் செய்து, பூனையின் அறிகுறி எல்லாம் அப்படியே பொருந்துகிறதே, நிச்சயம்தானா என்று மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நீ பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே நான் இந்த வேலைக்கு வந்துட்டேன்" என்கிற மாதிரி அவரிடம் ஏதோ பேசினேன். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் இதை மட்டும் கேட்டுக்கொள். நிச்சயம்தானா என்று ஒருத்தர் உன்னைக் கேட்டால் கோபப்படாதே. இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா.

அதற்குப் பிறகு நான் செம்பியைத் தேற்றப் புறப்பட்டேன். உடம்பு பிடிக்கவேண்டும் என்று பாசாரில் கெம்போங் மீன் வாங்கி அவித்து, முள் எடுத்து, என் கையாலேயே ஊட்டினேன். நீ வேண்டாம் வேண்டாம் என்றாய். ஈரல்தான் நன்றாக இருக்கிறதே, படத்தில் பார்த்தாயே என்று உன் வாயை அடைத்தேன். நாலு வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் தின்று முடித்த சிறிது நேரத்தில் அதற்கு வலிப்பு வந்தது. ஞாயிறு என்பதால் மிருக டாக்டர் இடம் பூட்டியிருந்தது. நீ சமையலறைத் தரையில் உட்கார்ந்து துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாய். மத்தியானத்துக்குள் போய்விட்டது. முதல் நாள் நீ அதற்கு உண்ணிப் பவுடர் போட்டிருந்தாய், பூனைக்கென்றே விற்கிற பவுடர். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது, யார் மேலாவது கொட்டவேண்டியிருந்தது. உன் மேல் கொட்டினேன்.

"நேத்து என்னத்தப் போட்டே அதுக்கு? சொன்னா கேட்டியா? உன் கை பட்டா எதுவும் பொழைக்காது."

நீ எழுந்துபோய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினாய். கழுவிக்கொண்டே இருந்தாய். அப்பா வந்து குழாயை மூடி, செம்பியை ஒரு பெட்டியில் வைத்து, உன்னை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பாலிக் புலாவுக்குப் போனார். அங்கே அவர் நண்பரின் டுரியான் தோட்டத்தில் புதைத்துவிட்டு வந்தீர்கள். நான் வரவில்லை. வந்திருக்கலாம்.

நீ அந்தச் சமயம் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தாய். மிருக வைத்தியம் என்றுதான் முதலில் எழுதியிருந்தாய். செம்பி வந்த நாளிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய். செம்பி செத்த பிறகு ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டு அதை அடித்துவிட்டு, பொறியியல் என்று எழுதினாய். அப்பா ஏன் என்று கேட்டதற்கு, பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை நிறைய வருதுப்பா, வேலை கிடைக்கும் என்றாய். பாரம் டிவிக்கு மேலே உறைக்குள் இருந்தது. திங்கட்கிழமை தபாலில் போடவேண்டும்.

அதற்கு முந்திய வியாழக்கிழமை, தேநீர் நேரத்தில், பெரிய டாக்டர் பூனைப் படத்தை மாணவர்களுக்குக் காட்டலாம், எடுத்துவை என்றார். அலமாரியிலிருந்து எடுத்து வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் இருந்த அந்த மங்கல், கட்டத்துக்குக் கட்டம் ஒரே இடத்தில் இல்லை. ஒரு கட்டத்தில் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். சிந்திய மருந்து நகராது தம்பி. சிந்தினால் சிந்திய இடத்தில்தான் கிடக்கும். அப்படியானால் இது எது என்று யோசித்தபோதுதான், நீ வாலைப் பிடித்திருந்தபோது உன் கையுறையில் இரண்டு சொட்டு வழிந்தது ஞாபகம் வந்தது. அதே கையுறையோடு தலைமாட்டுக்கு ஓடினாய். அங்கே நின்று அதன் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாய். நகர்ந்தது உன் கை. உன் கை இருக்கிற இடம் தலை. அப்படியானால் படத்தில் கீழ்ப்பக்கம்தான் தலை. முதலில் வெளிச்சம் வந்தது ஈரலே இல்லை, இதயம். ஈரலுக்கு ரத்தம் அதற்குப் பிறகுதான் போயிருக்கிறது. அந்தப் பெண் டாக்டர் சொன்னது முழுக்கச் சரி. நான் ஊட்டிய மீன்தான் செம்பியைக் கொன்றது.

டாக்டரிடம் படத்தைக் காணவில்லை என்று சொல்லிவிட்டு, கைப்பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வழியில் மிருக டாக்டரிடம் இறங்கி, யாரோ பக்கத்து வீட்டுக்காரர் பூனை மாதிரி சொல்லி, அந்தப் பவுடரில் பூனை சாகுமா என்று கேட்டேன். நீ போட்ட அளவுக்கு ஒன்றும் ஆகாது என்றார். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் பெர்ரி வேலையிலிருந்து வந்த அப்பாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். உன் அப்பா என்னைத் திட்டவில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே சொன்னார்.

"இன்னைக்கே சொல்லிடு. நாளைக்குன்னு வச்சேன்னா நீ சொல்லமாட்டே."

என்னை அவருக்கு நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமை சொல்லவில்லை, சனி, ஞாயிறும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகும்போது அந்தப் பாரத்தை நானே எடுத்துக்கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன். இதை எழுதத்தான் எனக்கு மூன்று வாரம் ஆனது. வெட்கம் ஒரு காரணம், வேலைக்கு ஆபத்து வருமோ என்கிற பயம் இன்னொரு காரணம். ஆனால் அதற்கெல்லாம் அடியில் வேறொன்று இருந்தது. மாட்டுக்கும் நாய்க்கும் பின்னால் அலைவதைவிட இன்ஜினியர் வேலை நல்லது என்று எனக்குத் தோன்றியது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ அந்தக் கோட்டை அழித்துவிட்டுப் பழையபடி எழுதியிருப்பாய். என் தப்பு எனக்கு வசதியாக இருந்தது தம்பி. அதை மன்னிக்கும்படி நான் உன்னிடம் கேட்கப்போவதில்லை.

போன வருஷம் அப்பா தன் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நீ மருந்து வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம், "தம்பிக்கிட்ட" என்று மட்டும் சொல்லி என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்போதும் எனக்கு, பையன் நன்றாகத்தானே இருக்கிறான், நல்ல சம்பளம், நல்ல பெண், எதற்குக் கிளறவேண்டும் என்றுதான் இருந்தது. ஒரு கோபத்தில் நான் சொன்ன வார்த்தையை நீ ஏழு வருஷமாகக் கையில் வைத்துக்கொண்டிருப்பாய் என்று தெரியாது. இப்போது எல்லாம் கண்ணில் படுகிறது. நீ இந்த வீட்டில் ஒரு ரோஜாச் செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றியதில்லை. கோழிக்குஞ்சு விற்கிறவன் வந்தால் உள்ளே போய்விடுவாய். வேலைக்கும் பார்த்துப் பார்த்து, நாள் முழுக்கக் கையுறை போட்டுக்கொண்டு உயிரில்லாத எலக்ட்ரானிக் சில்லுகளைத் தொடுகிற இடத்துக்குப் போனாய். நான் உன்னைப் பொறுப்பான பிள்ளை என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை பெற்றுக்கொள்வதும் வேண்டாம் என்பதும் உன்னுடைய, கவிதாவுடைய விருப்பம். அதில் நான் தலையிடமாட்டேன். பேரப்பிள்ளைக்கு ஆசைப்பட்டு இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே, அந்தத் தகுதியை நான் இழந்து ரொம்ப நாளாகிறது. ஆனால் உன் கையைக் காரணம் சொல்லாதே. அந்தக் காரணம் என் வாயிலிருந்து வந்தது, அது அப்போதே பொய். நாளைக்கு உன் வீட்டில் யாரை நீ கோபித்துக்கொண்டாலும், அவர்கள் செய்ததைச் சொல்லிக் கோபித்துக்கொள். அவர்கள் கையையோ ராசியையோ பேசாதே. பேசிவிட்டால் அன்றைக்கே திரும்ப எடுத்துக்கொள்.

இனி அந்தப் பழுப்பு உறையைத் திற. படத்தின் ஓரத்தில் வெள்ளைப் பென்சிலால் ஒரு அம்பு போட்டிருக்கிறேன். அம்பு மேலே பார்க்கிற மாதிரி திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடி. நான் அன்று பிடித்ததற்கு நேர் எதிராக இருக்கும், அதுதான் சரி. கவிதாவையும் பக்கத்தில் நிற்கச் சொல். முதலில் வெளிச்சம் வருகிற இடம் செம்பியின் இதயம். அதற்கு மேலே, ஏழாவது கட்டத்திலிருந்து, ஓரமாக மங்கலாகத் தெரிகிறதே, கொஞ்சம் இப்படியும் கொஞ்சம் அப்படியும் நகர்ந்துகொண்டு, கடைசிக் கட்டம் வரைக்கும் எடுக்காமல், அது உன் கை. பயந்து நடுங்கிய உயிர் ஒன்று அசையாமல் படுத்திருந்தது அந்தக் கை இருந்ததால்தான். அன்று அந்த அறையில் தப்புச் செய்யாமல் இருந்தது அது ஒன்றுதான் தம்பி.

அம்மா